பாம்பின் நஞ்சும் ஆப்பிள் மரப்பட்டையும்

25 வயது இளைஞர் ஒருவருக்கும் 60 வயதுப் பெண்மணி ஒருவருக்கும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கிரியாட்டினின் 1.1. பல பரிசோதனைக்கூடங்களின் தாளில் அந்த எண் தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இருக்காது. "நார்மல்தான்" என்று இருவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. இளைஞரின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. அந்தப் பெண்மணியுடையவை 57 மட்டுமே. இந்த வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நின்றால், மருத்துவ இலக்கணப்படி அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

ஒரே எண் இரண்டு பேரிடம் இரண்டு பொருள் தருவதற்குக் காரணம், கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அது தசையின் கழிவு. கட்டான உடம்புள்ள இளைஞரிடம் அது நிறைய உண்டாகும். வயதானவரிடமும் மெலிந்தவரிடமும் குறைவாகவே உண்டாகும். குறைவாக உண்டாகும் கழிவைக்கூட வெளியேற்ற முடியாமல் 1.1 வரை தேங்கவிட்டிருக்கும் சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும்! இன்னொரு சங்கடமும் உண்டு. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தால் கிரியாட்டினின் இரண்டு மடங்காகும். ஒருவருக்கு இளமையில் 0.6 இருந்திருந்தால், பாதித் திறன் போன பிறகும் அவருடைய தாளில் 1.2தான் தெரியும். அதே எண் 4-இலிருந்து 8-க்குத் தாவும்போது குடும்பமே பதறுகிறது. உண்மையில் அப்போது இழக்கப்படுவது எஞ்சியிருந்த கொஞ்சத்தில் பாதி. பெரிய இழப்பு சத்தமில்லாமல் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

அந்த இழப்பு ஏன் இவ்வளவு காலம் வெளியே தெரிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, சிறுநீரகத்தின் அளவுக்கும் அதன் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை. இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குள்தான் பாய்கிறது. ஒரு நாளில் இவை வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். நம் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே மூன்று லிட்டர்தான் என்பதால், அதே நீர் நாளொன்றுக்கு அறுபது முறை சலிக்கப்படுகிறது. அந்த 180 லிட்டரில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறும். மற்ற அனைத்தையும், கரைந்திருக்கும் சர்க்கரையையும் உப்பையும் அமினோ அமிலங்களையும் சேர்த்து, சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கழிவைத் தேடிப் பிடித்து வெளியேற்றுவது அதன் முக்கிய வழி கிடையாது. எல்லாவற்றையும் முதலில் வெளியே விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் மீட்டுக்கொள்கிறது. நாளை ஒரு புதிய மருந்தோ நஞ்சோ உடலுக்குள் வந்தாலும் அதை வெளியேற்ற இந்த ஏற்பாட்டில் ஓரளவு வழி இருக்கிறது. உடலில் இதைவிட அழகான ஏற்பாடு வேறு உண்டா என்று தெரியவில்லை.

இந்த வேலையைச் செய்பவை நெஃப்ரான்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம். சிலருக்கு இரண்டு மூன்று லட்சம்தான் இருக்கும், சிலருக்கு இருபது லட்சத்தையும் தாண்டும். குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை குறைவாக இருக்கும். தாயின் வயிற்றில் ஒன்பதாம் மாதம் வரைதான் புதியவை உண்டாகின்றன. அதன் பிறகு ஆயுளுக்கும் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. ஒன்று அழிந்தால் பக்கத்தில் இருப்பது பருத்து, அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்ட அக்காவிடம் மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம், சில மாதங்களில் முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைச் செய்யத் தொடங்கிவிடும். இந்தத் தாராளம்தான் கொடையாளிகளைக் காப்பாற்றுகிறது. நோயை மறைப்பதும் இதே தாராளம்தான். பசியின்மை, வாந்தி, அரிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் என்று அறிகுறிகள் வரிசையாக வரும் நேரத்தில் பெரும்பாலும் கால் பங்கு திறன்கூட மிஞ்சியிருப்பதில்லை.

அப்படியானால் முன்கூட்டியே அறிய வழியே இல்லையா? இருக்கிறது. அது ரத்தத்தைவிடச் சிறுநீரில் முதலில் தெரியும். இருநூறு ஆண்டுப் பழமையான அறிவு அது. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர் முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்தது. அந்த நோயாளிகள் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்தபோது, அவர்களின் சிறுநீரகங்கள் சுருங்கியோ சிதைந்தோ இருந்தன. வீக்கம், உறையும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயின் முகங்களாக அவர் 1827-இல் எழுதி வெளியிட்டார். பின்னர் நெடுங்காலம் அந்த நோய்க்கு அவர் பெயரே இருந்தது.

அவர் கரண்டியில் கண்டது அல்புமின் என்ற புரதம். நல்ல சிறுநீரகத்தில் அது வெளியே வரக்கூடாது. நெஃப்ரானின் தலைப்பகுதியில் இருக்கும் நுண்குழாய் முடிச்சுக்கு மூன்று அடுக்குச் சுவர் உண்டு. வெளி அடுக்கில் போடோசைட் எனப்படும் செல்கள், இரு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. அந்த விரல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய பிளவு வழியாகத் தண்ணீரும் உப்பும் யூரியாவும் தாராளமாகப் போகும், அல்புமின் போகாது. சுவர் பழுதாகும்போது அல்புமின் கசிகிறது. போடோசைட்டுகள் இரட்டிப்பதில்லை என்பதால் உதிர்ந்தவை உதிர்ந்தவைதான். கழிப்பறையில் நுரை கலையாமல் நிற்பதாகச் சிலர் சொல்வது இந்தக் கசிவு மிகுந்த பிறகு. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமையானது. சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் "அல்புமின் நில்" என்று வந்தாலும் இந்த விகிதம் 100 இருக்க வாய்ப்புண்டு. சர்க்கரை நோயாளிகள் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

சரி, கசிவைக் கண்டுபிடித்தாகிவிட்டது. என்ன செய்ய முடியும்? 40 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குப் பெரிய விடை ஏதும் இல்லை. இன்று இருக்கிறது. அந்த விடை வந்த வழிதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நெஃப்ரானின் முடிச்சுக்கு ரத்தம் ஒரு குழாய் வழியாக உள்ளே வந்து இன்னொரு குழாய் வழியாக வெளியே போகிறது. வயலுக்கு வாய்மடையும் கடைமடையும் இருப்பதைப்போல. வாய்மடையை அகலத் திறந்து கடைமடையைக் குறுக்கினால் வயலில் தண்ணீர் ஏறி வரப்பு உடைவது உறுதி. சர்க்கரை நோயில் நடப்பது இதுதான். உள்வழி அகலமாகிறது, வெளிவழி இறுகுகிறது, முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆரம்பத்தில் வடிகட்டும் வேகம் கூடித் தெரியும். 120, 140 என்று வரும் அந்த எண்ணைப் பார்த்துச் சிறுநீரகம் அற்புதமாக இயங்குகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நெஃப்ரான்கள் பாதி அழிந்த பிறகு மிஞ்சியவற்றிலும் இதே அழுத்தம் ஏறும். எந்த நோயில் தொடங்கியிருந்தாலும் சரி. மிஞ்சிய நெஃப்ரான்கள் கூடுதலாக உழைத்தே அழிகின்றன என்பதை பாரி பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் முன்வைத்தார்கள். அதன் பிறகு சிகிச்சையின் நோக்கமே மாறியது. சிறுநீரகத்தை வேகப்படுத்துவது போய், அதற்கு இளைப்பாறுதல் கொடுப்பது நோக்கமாயிற்று.

கடைமடையைத் திறந்துவிட்டது ஒரு பாம்பு. பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்றொரு விரியன் இனம் உண்டு. அது தீண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம் சடாரென்று விழும். செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் அறிஞர் 1960-களில் அந்த நஞ்சிலிருந்து சில பெப்டைடுகளைப் பிரித்தார். அவை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுப்பது தெரியவந்தது. அந்த ஹார்மோன் தொடர் தொடங்குவதே சிறுநீரகத்தில்தான்; ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட் என்ற அறிஞர் 1898-இல் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து கண்டுபிடித்த ரெனின்தான் அதன் முதல் கண்ணி. ஆஞ்சியோடென்சின் உடலெங்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரக முடிச்சில் குறிப்பாக வெளிவழியை இறுக்கும். பெப்டைடுகளை வாய்வழி கொடுத்தால் வயிற்றிலேயே செரித்துவிடும் என்பதால், அவற்றைப் பார்த்து ஒரு சிறிய மூலக்கூறை வேதியியலாளர்கள் வடிவமைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கேப்டோப்ரில் மாத்திரை அதுதான். 1993-இல் வெளிவந்த ஆய்வொன்றில், இன்சுலினைச் சார்ந்து வாழும் சர்க்கரை நோயாளிகளில் கசிவு உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தபோது மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் ஆபத்து பாதியாகக் குறைந்தது. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் அதன் தம்பிமார். லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அதே ஹார்மோனை வேறு இடத்தில் மறிப்பவை.

வாய்மடையைக் குறுக்கியது ஆப்பிள் மரம். 1835-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்து ஃப்ளோரிசின் என்று பெயரிட்டார்கள். சின்கோனாப் பட்டைபோலக் கசந்ததால் காய்ச்சலுக்கு உதவும் என்று எதிர்பார்த்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மானியரான ஃபான் மேரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. நெஃப்ரான்களுக்குள் ஒரு நாளில் வடியும் சுமார் 180 கிராம் குளுக்கோஸையும் திரும்ப எடுக்கும் புரதப் பம்பை அந்தக் கசப்பு அடைத்துவிடுகிறது என்ற விளக்கம் கிடைக்க இன்னும் பல காலம் பிடித்தது. ஃப்ளோரிசின் வயிற்றுப்போக்கைத் தரும், குடலில் சரியாக உறிஞ்சப்படவும் செய்யாது. அதன் அமைப்பைத் திருத்தி எழுதிப் பிறந்தவைதான் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள். முதலில் அவை சர்க்கரை நோய்க்கென்றே வந்தன.

அவை சிறுநீரகத்தைக் காக்கும் விதம் வியப்பானது. ஒவ்வொரு நெஃப்ரானின் குழலும் நீண்டு வளைந்து இறங்கி, மீண்டும் மேலேறி, தான் புறப்பட்ட அதே முடிச்சைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் உப்பைச் சுவைக்கும் செல்கள் சில இருக்கின்றன. உப்பு நிறைய வந்தால், வடிகட்டுதல் மிகுந்துவிட்டது என்று உணர்ந்து உள்வழியைச் சுருக்கச் சொல்லும். உப்பு குறைந்தால் திறக்கச் சொல்லும். பத்து லட்சம் நெஃப்ரான்களும் தமக்குத் தாமே இப்படிக் காவல் இருக்கின்றன. சர்க்கரை நோயில் அந்தப் பம்ப் குளுக்கோஸை அள்ளி எடுக்கும்போது கூடவே சோடியத்தையும் அள்ளிக்கொள்வதால், காவல் செல்களுக்கு உப்பு வந்து சேர்வதில்லை. அவை உள்வழியை அகலத் திறந்துவிடுகின்றன. பம்பை மருந்து அடைத்ததும் உப்பு மறுபடி வந்து சேர, வழி சுருங்கி அழுத்தம் தணிகிறது. 2020-இல் வெளியான ஆய்வில் 4,304 நோயாளிகளிடம் டபாகிளிஃப்ளோசின் சோதிக்கப்பட்டது. சர்க்கரை நோய் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். சிறுநீரகம் பெருமளவு திறன் இழப்பதும், அதனாலோ இதய நோயாலோ ஏற்படும் மரணமும் சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் அந்த மருந்தின் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியது நம் நோயாளிகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இங்கே நம் வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒரு விபரீதத்தைச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறும். அழுத்தம் தணிந்தால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் தணியும் என்பதுதான் காரணம். பொதுவாக 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள். வீட்டிலோ, "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று யாராவது சொல்ல, மருந்து நின்றுவிடுகிறது. காக்கும் மருந்தைக் கைவிட்டவர் மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்குகிறார். சிறுநீரகத்தின் உள்வழியைத் தளர்வாக வைத்திருக்கும் புராஸ்டாகிளாண்டின்களைத் தடுத்து ரத்தத்தை வற்றச்செய்வது அந்த வலி மாத்திரைதான். வயிற்றுப்போக்கு, வாந்தியால் உடல் நீர் வற்றிய நாளில் அது இன்னும் பொல்லாதது. அந்த நாட்களில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எதை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

இயற்கை மருந்து எந்தத் தீங்கும் செய்யாது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்க மூலிகைக் கலவை எடுத்துக்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதற்குக் காரணம் என்று கண்டார்கள். அந்த அமிலம் அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் இருப்பது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

எல்லாச் சிறுநீரக நோய்க்கும் சர்க்கரையும் பிரஷரும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. அடைத்து நிற்கும் கல், பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே முடிச்சைத் தாக்கும் அழற்சிகள் என்று பல உண்டு. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கித் தெரிந்தால் நோய் பழையது. அளவு சரியாக இருந்து, கசிவும் சிறுநீரில் ரத்த அணுக்களும் இருந்தால் ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்ப்பார்கள். பயப்படும் நோயாளிகள் பலர். ஆனால் சில அழற்சிகளைச் சரியான மருந்தால் அடக்க முடியும் என்பதால் அந்தத் துளி மிக விலை மதிப்புள்ளது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அநுராதபுரத்தைச் சுற்றிய நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து காணப்படும் நோய்க்குச் சர்க்கரையோ பிரஷரோ காரணமில்லை. வெயிலும் உடல் வறட்சியும் குடிநீரும் வேளாண் நஞ்சுகளும் ஐயத்துக்குள்ளாகியிருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். எல்லோருக்கும் பொருந்துவது உப்பைக் குறைப்பது ஒன்றுதான்: நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் ஆகியவற்றில் ஒளிந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பொட்டாசியம் கலந்திருக்கும். அதுவும் இளநீரும் நோய் முற்றியவர்களுக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆரம்ப நிலை நோயாளி வாழைப்பழத்தை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. யார் எதைத் தவிர்ப்பது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

செயலிழந்த பிறகும் வழிகள் இருக்கின்றன. நாஜிப் படையின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சிறு நகரத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-இல் இறைச்சித் திணிப்புக்கான செல்லோபேன் உறையைக்கொண்டு நடைமுறைக்கு உதவும் முதல் டயாலிசிஸ் கருவியைச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று ஆயுள் முழுக்க இயந்திரத்தோடு பிணைக்கப்படுவதும், கொடையாளிக்காகக் காத்திருப்பதும் ஒரு குடும்பத்தைப் பல வகையிலும் வற்றச்செய்துவிடும்.

அந்த நிலை வருவதற்கு முன் தடுக்க முடியும் என்பதைச் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி செய்தே காட்டினார். 1990-களின் இறுதியில், சென்னையை ஒட்டிய கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விட்டு அது கலங்குகிறதா, பெனடிக்ட் கரைசலோடு சுடவைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். நோய் தெரிந்தவர்களுக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயாசைட், மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட் போன்ற பழைய, மலிவான மாத்திரைகள் தரப்பட்டன. பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு அரை அமெரிக்க டாலருக்கும் குறைவு. நோயாளிக்கு அறிகுறி வரும்வரை மருத்துவமனை காத்திருக்கக் கூடாது, மருத்துவம்தான் அவர் வாசலுக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர் இருப்பவர்கள், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்கள், நெடுநாள் வலி மாத்திரை எடுத்தவர்கள் ஆகியோர் ஆண்டுக்கொரு முறை இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ரத்தக் கிரியாட்டினினும் அதிலிருந்து வயதுக்கேற்பக் கணக்கிட்ட வடிகட்டும் வேகமும். மற்றொன்று, சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஒன்று மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். அந்தத் தாள்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பழைய தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.